பார்த்திராத அக்கா: அகுதாகவாவின் ‘தென்கிபோ’ பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எந்தக் கதையைப் பற்றிய கேள்விகள் இவை?

ஜப்பானிய எழுத்தாளர் ரியுனொசுகே அகுதாகவா எழுதி, 1926 அக்டோபரில் ‘கைசோ’ இதழில் வெளிவந்த ‘தென்கிபோ’ என்ற சிறுகதையைப் பற்றியவை. இறந்தோரின் பெயர்களையும் அவர்கள் இறந்த நாட்களையும் குறித்து வைக்கும் ஏட்டுக்கு அந்தப் பெயர் உண்டு. தமிழில் ‘இறந்தோர் பதிவேடு’ எனலாம். கதை சில பக்கங்களே கொண்டது, நான்கு பகுதிகளாகப் பிரிந்தது. முதல் பகுதி தாயைப் பற்றியும், இரண்டாவது ஹட்ஸு என்ற அக்காவைப் பற்றியும், மூன்றாவது தந்தையைப் பற்றியும் பேசுகிறது. நான்காவது பகுதியில் கதைசொல்லி மனைவியுடன் கல்லறைக்குப் போய் வருகிறார். ‘ராஷோமொன்’ கதையின் வழியாக மட்டும் அகுதாகவாவை அறிந்தவர்களுக்கு இந்தக் கதையின் தணிந்த குரல் வியப்பளிக்கும்.

உறவுமுறைகள் குழப்புகின்றன. யார் யாருக்கு என்ன முறை?

அகுதாகவா 1892 மார்ச் 1 அன்று டோக்கியோவில் பிறந்தார். தந்தை நீஹரா தொஷிசோ பால் வணிகம் செய்தவர். தாயின் பெயர் ஃபுகு. பிள்ளை பிறந்த சில மாதங்களிலேயே தாய்க்கு மனநோய் கண்டதால், குழந்தையை ஹோன்ஜோ பகுதியில் இருந்த தாய்மாமன் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். அகுதாகவா என்பது அந்த வீட்டின் குடும்பப் பெயர். தாய்மாமனும் அவர் மனைவியும் வளர்ப்புப் பெற்றோர் ஆனார்கள். அதே வீட்டில் இருந்த, திருமணம் செய்துகொள்ளாத பெரியம்மா ஃபுகிதான் குழந்தையை மிக நெருக்கமாகப் பார்த்துக்கொண்டார். தாயின் தங்கை ஃபுயு பிற்காலத்தில் தந்தைக்கு இரண்டாம் மனைவியானார். அவர் கதைசொல்லிக்குச் சிறிய தாயார், மாற்றாந்தாய் என்ற இரண்டு முறையும் ஆகிறார். தமிழில் ‘சித்தி’ என்ற ஒரு சொல்லே இரண்டுக்கும் போதும். உடன்பிறந்தவர்கள் மூவர்: மூத்தவள் ஹட்ஸு, அடுத்தவள் ஹிஸா, கடைசி ரியுனொசுகே.

மேலே சொன்ன பெயர்களில் பெரும்பாலானவை வாழ்க்கை வரலாற்றிலிருந்து எடுத்தவை. கதைக்குள் தாய் ‘என் தாய்’ என்றும் தந்தை ‘என் தந்தை’ என்றும் மட்டுமே வருகிறார்கள். உயிரோடு இருந்தபோது வீட்டில் கூப்பிட்ட பெயரோடு கதைக்குள் வருபவள் ஹட்ஸு ஒருத்திதான். முதற்பிள்ளை என்பதால் ‘முதல்’ என்று பொருள்படும் ஹட்ஸுகோ என்ற பெயரை வைத்து, செல்லமாக ‘ஹச்சான்’ என்று அழைத்திருக்கிறார்கள். கதைசொல்லியும் கதை நெடுக அந்தச் செல்லப் பெயரையே பயன்படுத்துகிறார். அவளை ஒருநாளும் கண்ணால் கண்டிராத தம்பி அவர்.

இது தன்வரலாறுதானே? சிறுகதை என்று சொல்லலாமா?

எழுதுபவர் தம் சொந்த வாழ்வையே பொருளாகக் கொண்டு புனைகதை எழுதும் மரபு அன்றைய ஜப்பானில் வலுவாக இருந்தது. அகுதாகவா அதிலிருந்து நெடுங்காலம் விலகியே நின்றார். பழைய கதைத் தொகுப்புகளிலிருந்து கருவை எடுத்துப் புதிதாகச் செதுக்குவதில் அவருக்கு நாட்டம் அதிகம். ‘என் தாய் பைத்தியம்’ என்ற பொருள்படத் தொடங்கும் இந்தக் கதையில்தான் அவர் அந்தக் குடும்ப வலியை நேராகச் சொல்கிறார்.

ஆயினும் இதை நான் சிறுகதையாகவே வாசிக்கிறேன். அதற்குக் காரணம் வரிசை. ஹட்ஸு இறந்தது 1891-இல், தாய் இறந்தது 1902-இல், தந்தை இறந்தது 1919-இல். உண்மையான பதிவேடாக இருந்தால் ஹட்ஸுவின் பெயர்தான் முதலில் வந்திருக்கும். அகுதாகவா அவளைத் தாய்க்கும் தந்தைக்கும் நடுவே, தாய் தந்தையர் கையைப் பிடித்து நிற்கும் குழந்தையைப் போல நிறுத்துகிறார். நடந்ததை நடந்தபடி குறித்துவைப்பவர் இப்படி இடம் மாற்ற மாட்டார்.

தாய், தந்தை, அக்கா மூவருமே இறந்தவர்கள். ஹட்ஸுவை மட்டும் ‘வராத பாத்திரம்’ என்று ஏன் சொல்ல வேண்டும்?

மற்ற இருவரும் கதைக்குள் உடலோடு வருகிறார்கள். தாய் ஷிபா பகுதி வீட்டில் சீப்பால் செருகிய கூந்தலோடு தனியே உட்கார்ந்து நீண்ட குழாயில் புகை பிடிக்கிறார். வணக்கம் சொல்ல மாடிக்குப் போன பிள்ளையின் தலையில் அந்தக் குழாயாலேயே ஒரு முறை அடித்துவிடுகிறார். யாராவது வற்புறுத்திக் கேட்டால் படம் வரைந்து தருகிறார், அந்தப் படங்களில் எல்லா மனிதர்களுக்கும் நரியின் முகம். தந்தை வாழைப்பழம், ஐஸ்கிரீம், அன்னாசி என்று அந்தக் காலத்து அரிய பண்டங்களை வாங்கித் தந்து மகனைத் தம் வீட்டுக்கு ஓடி வந்துவிடும்படி அழைக்கிறார். இவர்களைக் கதைசொல்லி பார்த்திருக்கிறார், தொட்டிருக்கிறார், இவர்கள் இறக்கும்போது பக்கத்தில் இருந்திருக்கிறார்.

ஹட்ஸு இறந்தபோது அவர் பிறந்திருக்கவே இல்லை. அவளைப் பற்றி அவரிடம் உள்ளது அனைத்தும் பிறர் சொல்லிக் கேட்டது, அல்லது அவரே கற்பனை செய்துகொண்டது. இருந்தும் மூவரில் அவருக்கு மிகுதியான நெருக்கம் தோன்றுவது அவளிடம்தான், அது ஏன் என்று தமக்கே விளங்கவில்லை என்று அவரே கேட்டுக்கொள்கிறார். அந்தக் கேள்விக்காகவே எழுதப்பட்ட கதை இது என்பது என் எண்ணம்.

ஹட்ஸுவைப் பற்றிக் கதையில் என்னென்ன இருக்கிறது?

மிகக் குறைவு. முதலில் ஒரு புகைப்படம்: கதைசொல்லியின் வீட்டுப் புத்த வழிபாட்டு மாடத்தில், சிறிய சட்டத்துக்குள் இன்னமும் இருக்கிறது. குழி விழும் கன்னங்கள் பழுத்த ஆப்ரிகாட் பழம் போல உருண்டிருக்கின்றன. நோஞ்சான் பிள்ளையாக அவள் தெரியவில்லை. பெற்றோரின் அன்பை மூன்று பிள்ளைகளில் அதிகம் பெற்றவள் அவள்தான் என்றும், அறிவிலும் அவளே முதல் என்றும் வீட்டில் பேச்சு. அன்று வெளிநாட்டினர் குடியிருப்பாக இருந்த த்ஸுகிஜியில் ஒரு மேனாட்டு அம்மையார் நடத்திய மழலையர் பள்ளிக்குப் போய் வந்தாள். சனி, ஞாயிறுகளில் ஹோன்ஜோவில் இருந்த தாய்வழி வீட்டுக்கு வந்து தங்குவாள். அப்போதெல்லாம் மேனாட்டு உடை அணிந்திருப்பாள்.

அடுத்து, துணித் துண்டுகள். அகுதாகவா தொடக்கப் பள்ளி மாணவராக இருந்தபோது, இறந்துபோன அக்காவின் உடைகளிலிருந்து மிஞ்சிய துண்டுகளை வாங்கி ஒரு ரப்பர் பொம்மைக்கு உடுத்தியிருக்கிறார். எல்லாம் சிறு பூக்களும் இசைக்கருவிகளும் அச்சிட்ட வெளிநாட்டுக் காலிகோ துணிகள். இந்த ஒரு வாக்கியத்தை அவர் மேலும் விரிக்காமல் கடந்துவிடுகிறார். எனக்கு அதைத் தாண்டுவது எளிதாக இருப்பதில்லை. அக்காவைத் தொட வாய்ப்பே கிடைக்காத ஒரு சிறுவன், அவள் உடம்பில் கிடந்த துணியை எடுத்து ஒரு சிறிய உடம்புக்குப் போர்த்துகிறான். அவளுக்கு மீண்டும் ஓர் உருவம் கொடுக்க அவர் செய்த முதல் முயற்சி அதுவாகவே எனக்குப் படுகிறது. இரண்டாவது முயற்சி இந்தக் கதை.

கடைசியாக, ஓர் உரையாடல். அவள் பேசியதில் எஞ்சியது அவ்வளவுதான்.

மரத்தைப் பற்றிய அந்த உரையாடல் என்ன? அதில் உள்ள சிலேடை விளங்கவில்லை.

இளவேனில் தொடங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல். ஹட்ஸு தாய்வழி வீட்டுத் தோட்டத்தில் நடந்துகொண்டே உள்ளே இருக்கும் பெரியம்மாவிடம், இது என்ன மரம் என்று கேட்கிறாள். எந்த மரம் என்கிறார் பெரியம்மா. மொட்டு விட்டிருக்கிறதே, இந்த மரம் என்கிறாள் அவள். பழைய கிணற்றின் மேல் சாய்ந்து நின்ற, முள் கிளைகள் கொண்ட அந்தக் குட்டை மரத்துக்கு ஜப்பானிய மொழியில் ‘பொகே’ என்று பெயர். மந்தபுத்திக்காரர் என்பதற்கும் அதே ஒலியுள்ள சொல் உண்டு. ஆகவே பெரியம்மா, உனக்கும் அதற்கும் ஒரே பெயர்தான் என்று செல்லமாகக் கேலி செய்கிறார். குழந்தைக்கு அந்தச் சிலேடை பிடிபடவில்லை. அப்படியானால் இது முட்டாள் மரமா என்று சொல்லிவிடுகிறாள்.

ஹட்ஸுவின் பேச்சு எழும்போதெல்லாம் பெரியம்மா இந்த உரையாடலைத் திரும்பத் திரும்பச் சொல்வார். அது நடந்து சில நாட்களுக்குள் ஹட்ஸு சவப்பெட்டிக்குள் போய்விட்டாள். வீடெங்கும் அறிவாளி என்று புகழப்பட்ட குழந்தையின் பெயரில் மிஞ்சியது, அவளை முட்டாளாக்கிய ஒரு விளையாட்டுப் பேச்சு. மொட்டு விட்ட மரம் என்பதும் கவனிக்க வேண்டியது. அந்த மொட்டுகள் மலர்ந்தபோது அவள் இருந்தாளா என்று கதை சொல்வதில்லை.

இந்தக் காட்சியில் அடைப்புக்குறிக்குள் ஒரு வாக்கியம் உண்டு: அந்த நேரத்திலும் அக்கா மேனாட்டு உடையில் இருந்ததாகத்தான் தாம் கற்பனை செய்துகொள்வதாகக் கதைசொல்லி ஒப்புக்கொள்கிறார். அந்த ஒப்புதல்தான் காட்சியை நம்பத்தக்கதாக்குகிறது. உரையாடல் பெரியம்மாவுடையது, உடை தம்பியுடையது. அவர் இரண்டையும் கலந்து மறைக்காமல், தைத்த இடத்தைத் தெரியும்படி விட்டுவைக்கிறார்.

‘நாற்பது வயதுப் பெண்’ யார்?

இரண்டாம் பகுதியின் முடிவில் வரும் உருவம் அது. ஹச்சான் இப்போது உயிரோடு இருந்தால் நாற்பதைக் கடந்திருப்பாள் என்று கணக்கிடும் கதைசொல்லி, நாற்பது கடந்த அந்த அக்காவின் முகம், ஷிபா வீட்டு மாடியில் வெறித்துப் பார்த்தபடி புகைபிடித்துக்கொண்டிருந்த தாயின் முகத்தை ஒத்திருக்கக்கூடும் என்கிறார். பிறகு, தாய் என்றும் சொல்ல முடியாத, அக்கா என்றும் சொல்ல முடியாத நாற்பது வயதுப் பெண் ஒருத்தி எங்கிருந்தோ தம் வாழ்வைக் காத்து வருவதாகச் சில வேளைகளில் தோன்றுகிறது என்கிறார். காப்பியாலும் புகையிலையாலும் களைத்துப்போன நரம்புகளின் வேலையா இது, அல்லது இயற்கைக்கு அப்பாற்பட்ட ஆற்றல் ஏதாவது இவ்வுலகில் தலைகாட்டும் தருணமா என்ற கேள்வியோடு பகுதி முடிகிறது.

இறந்தவர்கள் பொதுவாக இறந்த வயதிலேயே நம் நினைவில் நின்றுவிடுவார்கள். ஆறு வயதில் போன பிள்ளை ஆறு வயதாகவே இருக்கும். இந்தக் கதையில் ஹட்ஸு மட்டும் வளர்கிறாள். தம்பிக்கு வயது ஏற ஏற அவளுக்கும் ஏறுகிறது. எப்போதும் அவரைவிடச் சில ஆண்டுகள் மூத்தவளாகவே இருக்கிறாள். நினைவில் ஒரு முகம் ஊன்றியிருந்தால் இப்படி வளர்த்திருக்க முடியாது. பார்த்ததே இல்லை என்பதால்தான் அவளுக்கு எந்த வயதையும் எந்த முகத்தையும் கொடுக்க முடிகிறது.

இனி ஒரு கணக்கு. தாய் ஃபுகு பிறந்தது 1860-இல், இறந்தது 1902 நவம்பரில், அதாவது நாற்பத்திரண்டு வயதில். கதை எழுதப்பட்ட 1926-இல் ஹட்ஸு அடைந்திருக்கக்கூடிய வயதும் ஏறத்தாழ அதுவே. ஆகவே அக்காவின் வயது தாயின் கடைசி வயதை எட்டிப்பிடித்த காலத்தில்தான் இந்த உருவம் எழுத்துக்கு வருகிறது. முதல் பகுதியில் கதைசொல்லி, தம் தாயிடம் தாயன்பு என்ற ஒன்றை உணர்ந்ததே இல்லை என்று சொல்லியிருந்தார். தலையில் அடித்த அந்தத் தாயின் முகத்தையே எடுத்து, அதனுள் யாரையும் நோகடிக்காத ஒரு சிறுமியை வளர்த்து வைத்து, தம்மைக் காப்பவளாக நிறுத்துகிறார். தாய் தர முடியாததை அக்காவின் வழியாகத் தாயின் முகத்திலிருந்தே பெற்றுக்கொள்கிறார். இந்தக் கதையை எத்தனை முறை வாசித்தாலும் இந்த இடத்தில் நான் நின்றுவிடுகிறேன்.

ஹட்ஸுவின் சாவுதான் தாயின் மனநோய்க்குக் காரணமா?

கதை அப்படிச் சொல்லவில்லை. ஹட்ஸு இறந்தது 1891 ஏப்ரல் 5. தம்பி பிறந்தது அடுத்த ஆண்டு மார்ச் 1. தாயின் மனம் பேதலித்தது அந்த ஆண்டிலேயே. இந்த நாட்களை அடுக்கிப் பார்க்கும் எவருக்கும் ஓர் ஐயம் எழும். அகுதாகவா அதை எழுதாமல் விட்டது வாசகர் மீது வைத்த நம்பிக்கை என்று நான் கொள்கிறேன்.

தந்தையைப் பற்றிய பகுதியில் ஹட்ஸுவே இல்லையே. அங்கே அவளுடைய தாக்கம் எப்படி இருக்கிறது?

நேரடியாக இல்லை என்பது உண்மை. ஆனால் தந்தை ஏன் அவ்வளவு தீவிரமாக மகனைத் திரும்பப் பெற முயன்றார் என்று கேட்டுப் பார்க்கலாம். அவருடைய வீட்டில் மூத்த பிள்ளை இறந்துவிட்டாள், மனைவி மனநோயில் விழுந்தார், கடைசிப் பிள்ளை மாமன் வீட்டுக்குப் போய்விட்டான். வாழைப்பழமும் ஐஸ்கிரீமும் கொடுத்துக் குழந்தையை ஆசைகாட்டும் மனிதரைக் கதைசொல்லி சற்று எட்ட நின்றே வரைகிறார். வெறுமையாகிப்போன வீட்டுக்காரர் ஒருவரின் தவிப்பாகவே எனக்கு அது கேட்கிறது.

மரணப் படுக்கைக் காட்சியும் இதோடு சேர்ந்தது. சளிக்காய்ச்சல் கண்டு டோக்கியோ மருத்துவமனையில் கிடந்த தந்தையை விட்டுவிட்டு மகன் ஓர் இரவு நண்பரோடு விருந்துக்குப் போகிறார். திரும்பி வந்தபோது தந்தை காத்துக்கொண்டிருக்கிறார். மற்றவர்களைத் திரைக்கு அப்பால் அனுப்பிவிட்டு, மகனின் கையைப் பற்றித் தடவியபடியே, தாயை மணந்த புதிதில் இருவரும் அலமாரி வாங்கப் போனது, சுஷி சாப்பிட்டது என்று மகன் கேட்டறியாத பழைய நாட்களைச் சொல்கிறார். சிறிய விஷயங்கள்தான், ஆனாலும் கேட்பவரின் இமைகள் சூடேறுகின்றன. அந்தக் காலத்தில் தாய் நலமாக இருந்தார், ஹட்ஸு இனிமேல்தான் பிறக்க வேண்டும். மறுநாள் காலையில் தந்தை இறந்துவிடுகிறார்.

இறந்த நாளும் மறுமைப் பெயரும் ஏன் இவ்வளவு முக்கியம்?

ஜப்பானிய பௌத்த வழக்கில் இறந்தவருக்குப் புதிய பெயர் ஒன்று சூட்டுவார்கள். அதைச் சிறிய நினைவுப் பலகையில் பொறித்து வழிபாட்டு மாடத்தில் வைப்பார்கள். ஆண்டுதோறும் இறந்த நாளில் வழிபாடு நடக்கும். கதைசொல்லி தாயின் இறந்த நாள் நவம்பர் 28 என்பதையும் அவருடைய நீண்ட மறுமைப் பெயரையும் மறக்கவில்லை. பதினொரு வயதில் அவற்றை மனப்பாடமாக வைத்திருப்பது ஒரு பெருமை என்கிறார். தந்தையுடையவை இரண்டுமே நினைவில் இல்லை. ஹட்ஸுவுக்குப் பாதி: மறுமைப் பெயர் நினைவில்லை, ஏப்ரல் 5 என்ற நாள் மட்டும் விந்தையாகத் தெளிவாக இருக்கிறது. இறந்தவளுக்குரிய பெயர் மனத்தில் ஒட்டவில்லை, ஏனெனில் அவருக்கு அவள் இன்னும் ஹச்சான்தான்.

இது பேய்க்கதையா?

ஜப்பானிய மரபில் ஆவியாக வருபவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வஞ்சம் இருக்கும். 1825-இல் மேடையேறிய யோத்ஸுயா கபுகி நாடகத்தில் வரும் ஓஇவா என்ற பெண், தன்னை வஞ்சித்த கணவனை விடாமல் துரத்துவாள். ஹட்ஸுவுக்கு யாரிடமும் பகை இல்லை, கேட்டுப் பெறவும் எதுவும் இல்லை. அவள் தோன்றுவதும் இல்லை, பேசுவதும் இல்லை. இருப்பதாகத் தோன்றுகிறது, அவ்வளவே. அச்சத்தைவிட ஆறுதலே அந்த உணர்வில் மிகுதி. எனினும் அந்த ஆறுதலின் முகம் மனநோயுற்ற தாயின் முகம் என்பதால் அதனுள் ஒரு நடுக்கமும் இருக்கிறது. தாயின் நோய் தமக்கும் வருமோ என்ற அச்சம் அகுதாகவாவின் கடைசி ஆண்டுகளில் அவரை அலைக்கழித்தது.

அவர் 1927 ஜூலை 24 அன்று தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். இந்தக் கதையை அதற்கு முன்னறிவிப்பாக வாசிக்கலாமா?

பலர் அப்படி வாசிக்கிறார்கள். இடையில் பத்து மாதங்களே என்பதால் அந்த எண்ணத்தைத் தவிர்ப்பது கடினம். ஆனால் முடிவைத் தெரிந்துகொண்டு வாசிக்கும்போது ஹட்ஸு காணாமல் போகிறாள்; ஒவ்வொரு வரியும் அவரைப் பற்றியதாக மாறிவிடுகிறது. முதல் வாசிப்பிலாவது அந்த ஆண்டை மறந்துவிட்டு, முட்டாள் மரத்தைக் கண்டு கண்களை அகல விரித்து நின்ற சிறுமிக்கு இடம் கொடுங்கள் என்றே கேட்டுக்கொள்வேன்.

கடைசியில் வரும் ஹைக்கூவுக்கு என்ன பொருள்?

ஹைக்கூக் கவிஞர் பாஷோவின் சீடர் ஜோஸோ இயற்றிய கவிதை அது. கானல் அலையும் இளவேனிலில், தாம் சமாதிக்கு வெளியே குடியிருப்பது ஒன்றுதான் வேறுபாடு என்று அதன் கருத்தைச் சொல்லலாம். மார்ச் மாத நடுவில், உடல் தளர்ந்த நிலையில் யனகா கல்லறைத் தோட்டத்துக்குப் போன கதைசொல்லி, மூவரும் உறங்கும் ஒரே கல்லைப் பார்த்து, இவர்களில் யார் பாக்கியசாலி என்று யோசிக்கிறார். ஜோஸோவின் மனநிலை தம்மேல் வந்து அழுத்துவதை உணர்கிறார். யார் என்பதற்கு விடை சொல்லவில்லை.

நான்காம் பகுதியில் ஹட்ஸு மீண்டும் வருகிறாளா?

ஒரே ஒரு வாக்கியத்தில். தாயின் சவப்பெட்டி மெல்ல இறக்கப்பட்டதை அந்தக் கல்லின் முன் அவர் நினைவுகூர்கிறார். அது நேரில் கண்டது. தந்தையைப் பொறுத்தவரை, நொறுங்கி வெளுத்த எலும்புகளுக்கு நடுவே தங்கப் பற்கள் கிடந்ததைச் சொல்கிறார், அதுவும் கண்டது. இரண்டுக்கும் இடையில் ஹச்சானின் முறை வருகிறது. அவளையும் அப்படித்தான் இறக்கியிருப்பார்கள் என்று எழுதுகிறார்.